சேற்றுக்குள் போன வலது கால் ஷூ

1. இடது கைக்கு ஒரு த்ராட்டில்

"இந்த த்ராட்டில இடது கைப்பக்கம் மாத்தறதுக்கு ஏதாவது பார்ட் இருக்கா?"

பார்ட்ஸ் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று இப்படிக் கேட்டவர் டோரிஸ் என்கிற வயதான அம்மாள். இந்தப் பக்கம் நான். நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில், காடும் குன்றுமாகக் கிடக்கிற பகுதியில், ஏடிவி விற்கிற கடை அது. நான் சேர்ந்த புதிது. வருகிறவர்களில் பாதிப் பேர் என் தலைக்கு மேலே எட்டி, பின்னால் யாராவது ஆம்பிளை நிற்கிறாரா என்று பார்ப்பார்கள். டோரிஸ் அப்படிப் பார்க்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஏடிவி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தடித்த நாலு டயர் போட்ட மோட்டார் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார வேண்டும். ஹேண்டில்பாரின் வலது பக்கம் சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கும். வலது கைக் கட்டைவிரலால் அதை அழுத்தினால் வண்டி ஓடும். அதுதான் த்ராட்டில். ரோடு இல்லாத காடு, சேறு, பனி எல்லாவற்றிலும் போகும். இந்தப் பகுதியில் வேட்டைக்குப் போகிறவர்கள் வீட்டில் கார் இல்லாவிட்டாலும் இது இருக்கும்.

"யாருக்குங்க?" என்று கேட்டேன். (பேச்சு முழுக்க இங்கிலீஷ்தான். என் மனதுக்குள் அது எந்தத் தமிழாக ஓடியதோ அப்படியே எழுதுகிறேன்.)

"என் புருஷன் ராய்க்கு. போன சீசன்ல மரத்துப் பரண்லேர்ந்து விழுந்துட்டார். வலது தோள்ல நரம்பு போயிடுச்சு, கை தூக்க வரல. துப்பாக்கி பிரச்னையே இல்ல, அவர் பிறவியிலேயே இடக்கைக்காரர். ஸ்டாண்டு வச்சுக்கிட்டுச் சுடுவார். பரண் ஏறக் கூடாதுன்னு நானும் சொல்லிட்டேன், தரையிலதான் உக்காரணும். ஆனா அந்த எடம் குன்றுக்கு அந்தாண்ட. ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணினது, நடந்து போக முடியாது. வண்டியில போகலாம்னா வலது கட்டைவிரல் வேணும்."

மான் சீசன் தொடங்க இன்னும் சில வாரமே இருந்தது. டோரிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்னெல்லாம் சீசன் வந்தா மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வர மாட்டார். சூப்பு ஆறிடும். தினமும் சண்டை போடுவேன். இப்ப சரியா பன்னெண்டு அடிச்சா டேபிள்ல வந்து உக்காந்துடறார். மீதி நேரம் ஜன்னல் பக்கம். பேசறது இல்ல. அவர் நேரத்துக்குச் சாப்பிட வர்றதைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் கேட்ட பார்ட் எங்களிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரையும் திருப்பி, அதே கைக் கட்டைவிரலால் வேகத்தையும் கூட்டி, அதே கையால் பிரேக்கும் பிடித்துக் குன்றில் இறங்குவது என்றால்? விழுந்த மனிதரை இன்னொரு தரம் விழவைக்க நானே பார்ட் எடுத்துக் கொடுப்பதா? மனசு வரவில்லை.

"இது வேண்டாங்க. ஸ்டீயரிங்கும் கால் பெடலும் இருக்கற வண்டிதான் அவருக்குச் சரி," என்றேன்.

2. கும்கி

அப்படிப்பட்ட வண்டிக்குச் சைடு-பை-சைடு என்று பேர். கார் மாதிரி ஸ்டீயரிங், பக்கத்தில் இன்னொரு சீட்டு, சீட் பெல்ட், தலைக்கு மேலே இரும்புக் கூண்டு, பின்னால் சாமான் ஏற்ற ஒரு தொட்டி. எங்கள் ஷோரூம் நடுவில் அப்போது ஒன்று நின்றது. அந்தப் பக்கத்திலேயே பெரியது. போன வருஷம் வந்து, போணியாகாமல் நின்றுகொண்டே இருந்தது. பொள்ளாச்சிக்காரி நான், டாப்ஸ்லிப் யானை முகாமைப் பார்த்து வளர்ந்தவள். அதற்கு மனதுக்குள் கும்கி என்று பேர் வைத்திருந்தேன்.

எங்கள் பேச்சு முதலாளி ஃப்ராங்க் காதில் விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்து டோரிஸை நேரே கும்கியிடம் அழைத்துப் போனார். "ராய்க்குன்னே செஞ்ச வண்டி. பவர் ஸ்டீயரிங், ஒரு விரல்ல திருப்பலாம். எந்தச் சேறா இருந்தாலும் ஏறிடும்."

எல்லாம் உண்மைதான். ஃப்ராங்க் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் எனக்கு நாக்கு அரித்தது.

"நீங்க போற வழி எவ்வளவு அகலம் இருக்குங்க?" என்றேன்.

டோரிஸ் யோசித்தார். "நடுவுல ஓடை மேல ஒரு மரப்பாலம் இருக்கு. சின்னது. கல்யாணமான வருஷம் நாங்க ரெண்டு பேருமா சேர்ந்து போட்டது."

"அகலமா மாத்திக்கலாம், ஒரு நாள் வேலை," என்றார் ஃப்ராங்க். டோரிஸ் கும்கியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒரு தரம் வந்து எடத்தப் பாத்துட்டுச் சொல்லட்டுங்களா?" என்று என் வாய் சொல்லிவிட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உடுமலைப்பேட்டையில் ஒரு டிராக்டர் கடையில் பார்ட்ஸ் பிரிவில் இருந்தேன். அந்தக் கடையில் ஒரு சட்டம். வண்டி கேட்டு யார் வந்தாலும், கடை ஆள் ஒருவர் அவர் காட்டுக்குப் (எங்கள் பக்கம் வயல், தோட்டம் எல்லாமே காடுதான்) போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மண் எப்படி, வாய்க்கால் மேட்டு வழி எவ்வளவு அகலம், ஓட்டப்போவது அப்பாவா மகனா என்று பார்த்த பிறகுதான் விலையே பேசுவார்கள். பெரிய வண்டி கேட்டு வந்தவருக்குச் சின்ன வண்டி போதும் என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. அவர்கள் அடுத்த வண்டிக்கும் எங்களிடமே வருவார்கள். அமெரிக்கா வந்து, டிபென்டன்ட் விசா வேலைக்குப் போக விடாமல் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். கிரீன் கார்டு வந்ததும் முதலில் கிடைத்த வேலை இது. "பி.காம் படிச்சுட்டு நட்டு போல்ட்டு விக்கறதுக்கா இவ்வளவு தூரம் டிரைவ் பண்றே?" என்று பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டி கேட்டார். ஆயில் சீல் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உயிர் வந்தது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

டோரிஸ் போனதும் ஃப்ராங்க் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கையில வந்த சேல். கெடுத்துட்டே. எடத்தைப் பாக்க இது என்ன ரியல் எஸ்டேட்டா?"

"பாலத்துல மாட்டிக்கிட்டா வண்டி திரும்பி வருங்க, ஃப்ராங்க்."

"நீ பார்ட்ஸ் கவுன்டர். சேல்ஸ் என் வேலை. ஞாயித்துக்கிழமை உன் சொந்த நேரத்துல எங்க வேணா போ. ஆனா அந்தம்மா வேற கடைக்குப் போயிட்டா, திங்கக்கிழமை நீயும் வேற கடை பாத்துக்கோ."

3. அடி இல்லாத சேறு

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம ஒரு எடத்துக்குப் போலாமுங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கோயிலுக்கா?"

"சேத்தப் பாக்கறதுக்குங்க."

அவர் மருந்துக் கம்பெனியில் ஐடி வேலை பார்ப்பவர். லீவு நாளில் தூங்கப் பிறந்தவர். வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். போதாக்குறைக்குப் புது வெள்ளை ஷூ வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ராய் வீட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம். வலது கையை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் செருகி வைத்திருந்தார். எங்களைப் பார்த்து, தாடையால் காட்டுப் பக்கம் காட்டி, "போய்ப் பாத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான். டோரிஸ் ஒரு முறை முறைத்த பிறகே எழுந்து வந்தார்.

முதலில் பாலம். டேப்பைப் பிடித்து அளந்தேன். இரண்டு கைப்பிடிக்கும் நடுவே ஐம்பத்து நாலு அங்குலம். கும்கியின் அகலம் அறுபத்து நாலு. ஐம்பது அங்குலத்தில் ஒல்லியான சைடு-பை-சைடு ஒன்று வருகிறது. அது போகும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மிச்சம். கீழே உட்கார்ந்து பலகையையும் உத்தரத்தையும் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. நல்ல வேலை என்று சொன்னதும் ராய் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

பாலம் தாண்டியதும் கறுப்பாக ஒரு சேற்று நிலம். மேலே இலையும் பாசியும் மூடிக் கிடந்தது. அதன் ஓரமாகத்தான் வழி போகிறது. சேற்றைப் பார்த்ததும் எனக்கு வந்த தைரியத்தை என்ன சொல்வது? சேற்றில் உழ டிராக்டருக்கு மாட்டுகிற இரும்புச் சக்கரம், கேஜ் வீல், அமராவதிப் பாசனத்து வயலுக்கு எத்தனை விற்றிருப்பேன்!

"இதுக்கு டயர் ஒல்லியா, உசரமா போடணுங்க. சேத்தை வெட்டிக்கிட்டுப் போய் அடியைப் பிடிச்சுக்கும்," என்றேன் ராயிடம்.

"எந்த அடியை?" என்றார் அவர்.

"எல்லாச் சேத்துக்கும் அடி உண்டுங்க. இருங்க, காட்டறேன்."

எங்கள் ஊர் நெல் வயலில் முழங்கால் வரைதான் சேறு. அதற்குக் கீழே ஏரும் மாடும் மிதித்து மிதித்து இறுகிப்போன தரை இருக்கும். அதை நம்பித்தான் டிராக்டரே இறங்கும். நானும் அதை நம்பித்தான் காலை வைத்தேன்.

கணுக்கால் போனது. முட்டி போனது. இதோ தரை வரும் என்று இன்னொரு காலையும் வைத்தேன். தொடை போனது. தரை வரவில்லை.

"ஏனுங்க!" என்று நான் போட்ட கூப்பாட்டில் அந்தக் காட்டு மான் எல்லாம் பென்சில்வேனியாவுக்கே ஓடியிருக்கும்.

என் வீட்டுக்காரர் வெள்ளை ஷூவோடு பாய்ந்து வந்தார். "நில்லு! நீயும் எறங்காதே!" என்று ஒரு அதட்டல் கேட்டது. ராய்தான். காலையிலிருந்து நாலு வார்த்தை பேசாத மனிதருக்கு அவ்வளவு பெரிய குரல். பாலத்து ஓரம் கிடந்த பலகையைக் காட்டி அதை இழுத்துப் போடச் சொன்னார். பாலத்தில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை இடது கையால் வீசினார். ஒரே வீச்சு, என் கைக்கு வந்தது. மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றார்.

"காலை இழுக்காதே! இழுத்தா இன்னும் உள்ள போவே. முன்னால படு. அப்படியே படு! உடம்பைப் பரப்பு. கையை விரி. சேறு உன்னைத் தாங்கும்."

சேற்றில் குப்புறப் படுப்பதா? வேறு வழி இல்லை. பலகை மேல் நெஞ்சை வைத்துப் படுத்தேன். அவர் சொன்னது நிஜம். நின்றபோது விழுங்கிய சேறு, படுத்தபோது தாங்கியது. ராய் தன் உடம்பு எடையைக் கொடுத்துப் பின்னால் சாய, என் வீட்டுக்காரர் கயிற்றை இழுக்க, மெல்ல மெல்ல வெளியே வந்தேன். வலது கால் ஷூ மட்டும் வரவில்லை.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். தலை முதல் கால் வரை கறுப்பு.

"ஆழந் தெரியாம கால உடாதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வெள்ளை ஷூவும் வெள்ளையாக இல்லை.

அவர் சொன்னது என்ன என்று ராய் கேட்டார். இங்கிலீஷில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாச் சேத்துக்கும் அடி உண்டாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த டோரிஸ் என் கோலத்தைப் பார்க்கவே இல்லை. ராயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

4. டோரிஸின் பேன்ட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த வண்டி

டோரிஸ் தன் பேன்ட் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டேன். சூடாக சூப்பு வந்தது. ராய் பேச ஆரம்பித்தார். அந்தச் சேறு இலையும் பாசியும் காலங்காலமாக அழுகிச் சேர்ந்ததாம். அடி எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாதாம். அவர் பேசப் பேச எனக்குத் தொழில் புரிந்தது. அவர் எனக்குச் சொன்ன அதே வார்த்தைதான் வண்டிக்கும். உடம்பைப் பரப்பு. அங்கே வேண்டியது ஒல்லி டயர் இல்லை. பாலத்து அளவுக்குள் அடங்குகிற மட்டும் அகலமான, மெத்தென்ற, காற்றைக் குறைத்து ஓட்டக்கூடிய டயர். வண்டியும் எடை குறைவாக இருக்க வேண்டும். கும்கி அந்தச் சேற்றில் இறங்கியிருந்தால் கயிறு போட்டு இழுக்க இன்னொரு கும்கி வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேறு, பனி, வேட்டை மூன்றும் மூன்று விதமாக இழுக்கும். சேற்றில் மிதந்த அதே அகல டயர், பனியில் வழுக்கும். அதற்குச் செயின் மாட்ட வேண்டும். பனி தள்ள முன்னால் இரும்புத் தகடு வேண்டும். வேட்டைக்கு வேகம் தேவையே இல்லை. சத்தம் குறைவாக, மெதுவாகப் போனால் போதும். இறக்கத்தில் காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். ஒற்றைக் கைக்காரருக்கு இதுதான் முதல் தேவை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சாமான் உண்டென்றால் அது வின்ச். வண்டி முன்னால் மோட்டாரில் சுற்றுகிற கயிறு. பனித் தகட்டைத் தூக்குவதும் அதுதான், சேற்றில் மாட்டினால் மரத்தில் கட்டி இழுப்பதும் அதுதான், சுட்ட மானை மேட்டில் ஏற்றுவதும் அதுதான். சுவிட்சை இடது கைப் பக்கம் வைக்கச் சொன்னேன்.

"பாலம்?" என்றார் டோரிஸ்.

"பாலத்துல ஒரு ஆணிகூடப் பிடுங்க வேண்டாங்க," என்றேன்.

திங்கட்கிழமை ஃப்ராங்கிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நான் போய்ச் சேரும்போது ராயின் பழைய டிரக் வாசலில் நின்றது. டோரிஸ் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே ராய் நடுவில் நின்று, நான் சேற்றுக்குள் போன கதையை நடித்தே காட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக்குகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ராங்க் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சின்ன வயதிலிருந்து ராயை அறிந்தவர். விழுந்ததற்குப் பிறகு ராய் கடைப் பக்கம் வந்ததே இல்லை என்று பிறகு சொன்னார்.

"அந்த ஒல்லி வண்டி நம்மகிட்ட ஸ்டாக் இல்லையே," என்றார் என்னிடம். குரலில் கோபம் இல்லை.

"பென்சில்வேனியாவுல ஒரு கடையில இருக்குங்க. நேத்து ராத்திரி வீட்லேர்ந்தே சிஸ்டத்துல பாத்தேன். அவங்களுக்குப் பெரிய வண்டி ஒண்ணு வேணுமாம்."

ஃப்ராங்க் கும்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். அந்த வாரமே கும்கி டிரெய்லரில் ஏறி வேறு முகாமுக்குப் போனது. ஒல்லி வண்டியை ஃப்ராங்க்கே போய் அதே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து, டயரையும் வின்ச்சையும் தன் கையாலேயே மாட்டினார். கொண்டுபோய்க் கொடுக்கும்போது என்னையும் அழைத்துப் போனார். ராய் பாலத்தின் மேல் அதை ஏற்றியபோது டோரிஸ் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. என் டேப் பொய் சொல்லாது. இருந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இறங்கும்வரை நான் மூச்சே விடவில்லை.

திரும்பும் வழியில் ஃப்ராங்க், "சேல்ஸ் டெஸ்க்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு, உக்காந்துக்கோ" என்றார். "எங்க வேணா போய்ப் பாரு. ஆனா சேத்துல கால வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரனைக் கேளு."

இன்றைக்கும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். பேரும் புகழும் கிடைத்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நிறையப் பேர் நல்லது செய்திருக்கிறார்கள். காட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த உடுமலைக் கடைக்கும், கோபத்தை விழுங்கிவிட்டுப் போனை எடுத்த ஃப்ராங்குக்கும், முணுமுணுத்துக்கொண்டே ஆனாலும் கூட வந்த என் வீட்டுக்காரருக்கும் நான் கடன்பட்டவள். எல்லோருக்கும் மேலாக ராய்க்கு. எங்கள் ஊர்ச் சேற்றைத் தெரிந்ததால் உலகத்துச் சேறெல்லாம் தெரியும் என்று இருந்தேன். கயிறு வீசி அதிலிருந்து இழுத்துப் போட்டவர் அவர்தான். இப்போது புதிதாகச் சேல்ஸுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இரண்டே விஷயம். இடத்தைப் போய்ப் பாருங்கள். பார்த்தவுடன் வாயைத் திறக்காமல், அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

சீசனின் முதல் நாள் கடையில் கூட்டம். மத்தியானம் போன் அடித்தது. டோரிஸ்.

"என்னங்க, எதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. வாக்கி-டாக்கியில இப்பத்தான் பேசினார், மான் ஒண்ணுகூட வரலையாம். இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கறாராம்." கொஞ்சம் நிறுத்தினார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மணி ரெண்டு ஆகப் போகுது. சூப்பு ஆறிப்போச்சு. வரட்டும், இன்னிக்கு இருக்கு அவருக்கு!"